குறைஞ்சிருக்கா, அடங்கியிருக்கா?

இன்னைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பத்திப் பேசலாம். பெருங்குடலின் உட்சுவர் அழற்சியாகிப் புண்ணாகும் நோய் இது. ரத்தத்தோட அடிக்கடி மலம் போகும். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால எனக்கு வந்த முதல் கேள்வியே இதுதான்: மருந்து வேலை செய்யுதுன்னு எதை வச்சு சொல்றாங்க?

பெரும்பாலான மருந்து ஆய்வுகளின் அடிப்படை, 1987-ல் மாயோ கிளினிக் ஆய்வில் வந்த மாயோ ஸ்கோர். நாலு விஷயங்களுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண்: மலம் எத்தனை தடவை போகுது, ரத்தம் எவ்வளவு, கொலோனோஸ்கோப்பியில் குடல் எப்படித் தெரியுது, டாக்டரின் மொத்தக் கணிப்பு. அதிகபட்சம் 12. முதல் கேள்விக்கு அளவுகோல் அந்த நோயாளியோட வழக்கம்தான். அதைவிட ஒண்ணு ரெண்டு தடவை கூடுதல்னா 1, அஞ்சு அல்லது அதுக்கு மேல கூடினா 3.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். ஒருத்தருக்கு 3, 2, 3, 2. மொத்தம் 10. சில வாரம் மருந்துக்குப் பிறகு 1, 1, 2, 2. மொத்தம் 6. குறைந்தது 3 புள்ளியும் 30 சதவீதமும் இறங்கி, ரத்தப்போக்கும் குறைஞ்சா அது 'முன்னேற்றம்'. இவர் அதில் பாஸ். ஆனா 'ரெமிஷன்', அதாவது நோய் அடங்கின நிலைக்கு, மொத்தம் 2-க்குள்ள இருக்கணும், எந்த ஒண்ணும் 1-ஐத் தாண்டக்கூடாது. அதுக்கு இவர் இன்னும் தூரம் போகணும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ரத்தம் நின்னு, வயிறு நல்லா ஆனவங்களுக்கும் உள்ள அழற்சி மிச்சம் இருக்கலாம். ஆப் நல்லா ஓடும், லாகில் எரர் வந்துகிட்டே இருக்குமே, அந்த மாதிரி. அப்படிப்பட்டவங்களுக்கு நோய் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம். அதனாலதான் 2021-ல் வந்த ஸ்ட்ரைட்-2 பரிந்துரைகள், அறிகுறி அடங்கினா மட்டும் போதாது, குடல் உட்சுவரும் ஆறணும்னு இலக்கு வைக்குது. ஒவ்வொரு தடவையும் ஸ்கோப் போட முடியாதே? இடையில மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளப்பாங்க. அழற்சி இருந்தா அது ஏறும்.

"நல்லாயிட்டேனே"ன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தாதீங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட கேளுங்க: "எனக்குக் குறைஞ்சிருக்கா, அடங்கியிருக்கா? எந்த டெஸ்ட்டை வச்சு சொல்றீங்க?"

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.