கண்டுபிடித்தால் மட்டும் போதுமா?

அறிவியல் படிக்கும் நம் மாணவர்களைத் தொலைக்காட்சிக் கலந்துரையாடலுக்கு அழைக்கும்போதெல்லாம் ஒரே குறையைத்தான் கேட்கிறேன். "ஆய்வைச் செய்துவிட்டோம், எழுதத்தான் தெரியவில்லை" என்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். எழுதுவதைக் கடைசி நேர வேலையாக நினைப்பதால் வரும் சிக்கல் இது. உண்மையில் எழுத்தும் ஆய்வின் ஒரு பகுதிதான். நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

1998 செப்டம்பரில் பேராக்கில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. பின்னர் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டுக் வட்டாரத்தையும் அது தாக்கியது. கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளியின் முதுகுத் தண்டு நீரிலிருந்து ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவே நிப்பா. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடங்களில் வேலை செய்த 11 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இந்தக் கண்டுபிடிப்பு 2000 மே மாதம் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளிவந்தது. சரி, இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது?

அறிவியல் கட்டுரைக்குப் பொதுவாக நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது.

அறிமுகம்: ஏன் இந்த ஆய்வு? ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கோ, பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள் நோயுற்றார்கள். தடுப்பூசி போட்டவர்களும் தப்பவில்லை. இந்த முரண்பாட்டைச் சொன்னாலே வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

செய்முறை: என்ன செய்தீர்கள்? எந்த நோயாளியிடமிருந்து என்ன மாதிரி எடுத்தோம், எந்த உயிரணுக்களில் கிருமியை வளர்த்தோம், எந்தச் சோதனையில் வைத்துப் பார்த்தோம் என்று வரிசையாக எழுத வேண்டும். இன்னொரு நாட்டில் இருப்பவர் இதைப் படித்து அப்படியே செய்து பார்க்க முடிய வேண்டும்.

முடிவுகள்: என்ன கண்டீர்கள்? இங்கே கருத்துக்கு இடமில்லை. "பலர்" என்று எழுதாமல் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

விளக்கம்: அதற்கு என்ன பொருள்? எதுவரை உறுதி, எது இன்னும் தெரியவில்லை என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது.

படிக்கும் வரிசையில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. செய்முறையிலிருந்து தொடங்குவது எளிது. அது நம் கையால் செய்த வேலை அல்லவா? பிறகு முடிவுகள், விளக்கம், அறிமுகம். முதல் பக்கத்தில் வரும் ஆய்வுச் சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

இனி நிதி விண்ணப்பத்துக்கு வருவோம். கட்டுரை, செய்து முடித்ததற்குச் சாட்சி. விண்ணப்பம், செய்யப்போவதற்கு வாக்குறுதி. பலரும் சறுக்குவது இங்கேதான்.

நிப்பா பன்றிகளுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்போது எஞ்சி நின்றது. அதற்கு நாம் நிதி கேட்பதாக வைத்துக்கொள்வோம். "வௌவால்களை விரிவாக ஆராய்வோம்" என்று எழுதினால் யார் பணம் தருவார்கள்? "பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டுச் சிறுநீரைச் சேகரிப்போம், அவை கடித்துப் போட்ட பழங்களையும் எடுப்போம், இரண்டிலும் கிருமி இருக்கிறதா என்று சோதிப்போம்" என்று எழுதிப் பாருங்கள். வேலை கண்ணுக்குத் தெரிகிறது. எத்தனை பயணம், எத்தனை விரிப்பு, எத்தனை சோதனை என்று செலவுக் கணக்கும் தானாக வந்துவிடுகிறது. தியோமான் தீவில் நிப்பா கிருமியைத் தேடிப் பிடித்தது இந்த வழியில்தான். அந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது.

உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நிதித் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிப்போர் நான்கைக் கவனியுங்கள். பிரச்சினை என்ன? நோக்கம் என்ன? எப்படிச் செய்வீர்கள்? எந்த மாதத்தில் எது முடியும்? ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு செய்முறை இருக்க வேண்டும். ஒவ்வொரு செய்முறைக்கும் கால அட்டவணையிலும் செலவுக் கணக்கிலும் ஓர் இடம் இருக்க வேண்டும். எங்காவது கண்ணி அறுந்தால் மதிப்பீட்டாளர் அங்கேயே நின்றுவிடுவார்.

இதை எப்படிக் கற்பது? உங்கள் துறையில் நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பத்தியும் என்ன வேலை செய்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். நீங்கள் எழுதியதை வேறு துறை நண்பரிடம் கொடுங்கள். அவர் தடுக்கி நிற்கும் இடத்தைத் திருத்துங்கள். நிராகரிப்புக் கடிதம் வந்தால் மேசைக்குள் பூட்டி வைக்காதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில் எழுதி, திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா தலைகாட்டியது. ஒரே குடும்பத்தின் இரண்டாவது நோயாளியிடமே அது கண்டுபிடிக்கப்பட்டது. நம் நாட்டில் அதே கிருமியைக் கண்டுபிடிக்க அரையாண்டு பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் கிருமிக்கு ஒரு பெயரும், சோதனை முறையும், அவற்றை விளக்கும் கட்டுரைகளும் வந்திருந்தன. இங்கே யாரோ பொறுமையாக எழுதி வைத்தது, எங்கோ ஒரு மருத்துவருக்குக் கை கொடுத்தது.

அன்று நம் பண்ணைகளில் நோயுற்றவர்களில் இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நாளைய ஆய்வை எழுதுபவர்களில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருக்க வேண்டாமா? இன்றே ஒரு பக்கம் எழுதத் தொடங்குங்கள்.