டால்ஸ்டாய் கண்ட மனித இயல்பு

மனிதன் பிறப்பிலேயே தீயவனா, நல்லவனா? இவ்வினாவுக்குப் புனித அகுஸ்தீன் (354–430) வழிவந்த கிறித்தவ மரபு, ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பே பழுதுற்றது என விடை கூறும். உருசியப் பேரறிஞர் டால்ஸ்டாய் (1828–1910) இதனை ஏற்றிலர். இயேசுவின் மலைப்பொழிவையே அடிப்படையாகக் கொண்டு, இறையாட்சி மனிதனின் உள்ளத்திலேயே உளது என்றார். 1901இல் உருசியத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது.

அவர்தம் ‘புத்துயிர்ப்பு’ (1899) புதினம் இக்கொள்கையின் விளக்கமே எனலாம். கொலை வழக்கொன்றில் நடுவர் குழுவினருள் ஒருவனாக அமரும் நெஹ்லூதவ், குற்றக் கூண்டில் நிற்பவள் தான் முன்பு கெடுத்துக் கைவிட்ட மாஸ்லவா என்பதை உணர்கிறான். ‘கொல்லும் நோக்கமின்றி’ என்னும் சொற்களை நடுவர்கள் எழுதத் தவறியமையால், குற்றமற்ற அவளுக்குச் சைபீரியக் கடுங்காவல் கிட்டுகிறது. தீர்ப்புரைக்க வந்தவனே முதற் குற்றவாளி! அவன் அவளைப் பின்தொடர்ந்து சென்று மனம் திருந்துகிறான்.

மனிதரை ஆற்றோடு ஒப்பிடுகிறார் டால்ஸ்டாய். நம் வெள்ளாறு கோடையில் மணலாகவும் மாரியில் பெரும்புனலாகவும் தோன்றினும் ஆறு ஒன்றே அன்றோ? அவ்வாறே ஒருவனை ‘நல்லவன்’, ‘தீயவன்’ என அறுதியிட்டுரைத்தல் பிழை என்பது அவர் துணிபு.

1908 டிசம்பர் 14ஆம் நாளிட்ட ‘ஓர் இந்துவுக்குக் கடித’த்தில், அவர் திருக்குறளின் ‘இன்னாசெய்யாமை’ அதிகாரக் கருத்துகளை எடுத்தாண்டுள்ளமை தமிழராகிய நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. அக்கடிதத்தைக் காந்தியடிகள் 1909இல் குசராத்தியில் பெயர்த்தார். சித்தன்னவாசற் குன்றில் சமணத் துறவியர் கற்படுக்கை கொண்டு நோற்ற அறமும் இஃதே.

ஒவ்வொரு குழந்தையும் ‘ஃபித்ரத்’ எனும் இயற்கைத் தூய்மையிலேயே பிறக்கிறது என்பது இசுலாமியக் கோட்பாடு. பிறவிப் பாவத்தை மறுப்பதில் டால்ஸ்டாய் இதனை நெருங்கி நிற்கிறார். எனினும் தீமையை வன்மையால் எதிர்த்தலே ஆகாது என்பார் அவர். திருக்குர்ஆனோ தீங்கிற்கு ஈடான தண்டனைக்கு இடந்தந்து, மன்னித்தலை அதனினும் மேலாக வைக்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்தல் வேண்டா. பிறர்மீது தீர்ப்புரைக்குமுன் தன்னை ஆராய்க என்பதில் இருவழியும் ஒன்றுகின்றன. அவ்வாராய்ச்சியே புத்துயிர்ப்பின் தொடக்கம் என்போம்.