கொல்லையிலிருந்து மாடிக்கு: வீட்டுத் தோட்டத்தின் அபாயங்களும் உரிமைகளும் தீர்வுகளும்

பழைய தமிழ் வீடுகளில் காய்கறியும் பூவும் வளர்ந்த இடம் கொல்லை, அதாவது வீட்டின் பின்புறம் கிணற்றடியை ஒட்டிக் கிடந்த மண் தரை. பெரியாழ்வாரின் நந்தவனத்தை இன்றும் போற்றிவரும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்திலும், இராஜபாளையம் வட்டத்தைச் சேர்ந்த செட்டியார்பட்டிப் பேரூராட்சியிலும் தோட்டம் போடுவது புதிதாகக் கற்க வேண்டிய கலை அன்று. மனை சுருங்கி, கொல்லையிலும் அறைகள் எழும்பிய பிறகு, அவரைப் பந்தலும் கீரைப் பாத்தியும் மாடிக்கு ஏறின என்பதே இங்கு நேர்ந்த மாற்றம். கொல்லையில் செய்த தவற்றை மண் பொறுத்துக்கொண்டது. கூடுதலாக ஊற்றிய நீர் தரைக்குள் இறங்கியது, கூடுதலாகக் கொட்டிய எருவின் பாரத்தைப் பூமி தாங்கியது. மாடியிலோ அதே நீரும் அதே பாரமும் கீழே உறங்குவோரின் தலைக்கு மேலும், பக்கத்து வீட்டாரின் சுவருக்கு அருகிலும், மின்கம்பிக்குக் கைக்கெட்டும் தொலைவிலும் நிற்கின்றன. ஆகையால் கொல்லைக்குச் சரியாக இருந்த யோசனை மாடிக்கும் சரியாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற முறையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கத் தொடங்கியது. தளை என்பது செடிப் பைகள், தென்னை நார்க் கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரங்கள், வேம்பு சார்ந்த பூச்சிக்கொல்லி ஆகியவை அடங்கிய தொகுப்பு. 2021ஆம் ஆண்டில் 900 ரூபாய் மதிப்புள்ள தளை மானிய விலையில் 225 ரூபாய்க்குக் கிடைத்தது. அதில் தோட்ட மண் இடம்பெறாமல் நார்க் கழிவு இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். மாடியில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது எடை.

அபாயங்கள்

கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரத்தை வரையறுக்கும் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, ஆட்கள் ஏறி நடமாடும் தட்டையான மாடிக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடுதல் பாரத்தைக் கணக்கில் கொள்கிறது. சதுர அடிக்கு இது சுமார் 14 கிலோ. நனைந்த தோட்ட மண்ணோ ஒரு கன அடிக்கு 50 கிலோ அளவுக்கு வரும். எனவே மாடியில் நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி ஓர் அடி உயரத்திற்கு மண் நிரப்பிப் பாத்தி கட்டுபவர், வடிவமைப்பில் கருதப்பட்ட பாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏற்றிவிடுகிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகால் அடைத்து நீரும் தேங்கினால் அந்தப் பாரம் மேலும் கூடும். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மெட்ராஸ் தளத்தின் மீதும், ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிக் கட்டப்பட்ட சன்ஷேடின் மீதும் பாத்தியோ தொட்டியோ வைப்பதை அறவே தவிர்க்க வேண்டும். கான்கிரீட் மாடியிலும் பைகளை நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்திரமும் தாங்கும் இடங்களில் இடைவெளிவிட்டு வைப்பதும், பைக்கு அடியில் நீர் தங்காதபடி தாங்கி வைப்பதும், தட்டோட்டு இணைப்புகளில் வேர் இறங்குகிறதா என்று பார்த்து வருவதும் நல்லது. கட்டடத்தின் வயதும் கம்பியின் அளவும் தெரியாத நிலையில், பாத்தி கட்டுமுன் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் கருத்துக் கேட்பதே முறை.

இரண்டாவது அபாயம் மின்சாரம். வீடுகளுக்குச் செல்லும் தாழ்வழுத்த மின்கம்பிக்கும் கட்டடத்திற்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 2.5 மீட்டரும், 11 கிலோவோல்ட் கம்பியாயின் மேலே 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. வீடு கட்டியபோது இருந்த அந்த இடைவெளியை, பின்னர் பசுமை வலைக்கோ புடலைப் பந்தலுக்கோ நடப்படும் இரும்புக் குழாய் விழுங்கிவிடக்கூடும். அவ்வாறு நேரும் இடத்தில் குழாயைத் தூக்கி நிறுத்துமுன் மின்வாரியத்திடம் தெரிவித்துக் கம்பியை மாற்றியமைக்கக் கோருவதே வழி. ஈரத் தரையில் மோட்டாரையோ நீட்டிப்புக் கம்பியையோ பயன்படுத்தும் வீட்டில், மின்கசிவு ஏற்பட்ட நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையை உரிமம் பெற்ற கம்பியாளரே செய்ய வேண்டும்.

மூன்றாவது நச்சு. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண அடையாளம் அச்சிடப்பட்டிருக்கும். கடுமை கூடிய வரிசையில் அவை பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. வயலுக்கென வாங்கிய மருந்தைச் சிறு புட்டியில் ஊற்றி மாடித் தோட்டத்திற்குக் கொடுத்தனுப்பும் வழக்கம், உதவி செய்யும் எண்ணத்தில் நடந்தாலும், அந்த அடையாளத்தையும், தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்ற காத்திருப்புக் கால அறிவிப்பையும் பயன்படுத்துவோர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. குடிநீர்த் தொட்டியும் துணிக் கொடியும் வற்றல் காயும் பாயும் இருக்கும் மாடியில் வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு மேற்பட்ட எதற்கும் தோட்டக்கலை அலுவலரின் பரிந்துரை வேண்டும். தவறி மருந்தை உட்கொண்டவரை 108 ஊர்தியில் அனுப்பும்போது புட்டியையும் உடன் அனுப்பினால், எந்த நச்சு என்பதை மருத்துவர் உடனே அறிவார். நச்சைப் போலவே கொசுவும் உடல்நலத்தைக் கெடுக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நன்னீரில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும் என்பதால், தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடைக்க வேண்டும்.

உரிமைகள்

தோட்ட ஆர்வலர்களிடையே யோசனை தாராளமாகவும் இலவசமாகவும் பரிமாறப்படுகிறது. அதன் சிறப்பும் அதுவே, அதன் ஆபத்தும் அதுவே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கட்டணமின்றிச் செய்யப்படும் சேவையைச் சேர்க்கவில்லை. எனவே தெரிந்தவர் சொன்ன யோசனையால் மாடி ஒழுகினால் அவர் மீது நுகர்வோர் வழக்குத் தொடுக்க முடியாது. காசு கொடுத்து அமர்த்திய ஒப்பந்தக்காரர் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைக் குறைபாட்டுடன் செய்தால் தொடுக்கலாம். பொறுப்பு காசையும் காகிதத்தையும் பின்தொடர்கிறது.

அதே சட்டம், பொருளுக்கு ரசீது தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்திற்குள், அல்லது காலம் குறிக்கப்படாதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. முளைக்காத விதைக்கும் இழப்பீடு கோரலாம். தேசிய விதைக் கழகத்திற்கும் மதுசூதன ரெட்டி என்பவருக்கும் இடையிலான வழக்கில், விதை வாங்கிய உழவர் நுகர்வோரே என்றும், 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் இருப்பதாலேயே அவர் நுகர்வோர் மன்றத்தை நாடும் உரிமையை இழப்பதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. சொந்த வீட்டுக்குப் பத்து ரூபாய் விதைப் பொட்டலம் வாங்குபவரும் இந்த வரையறைக்குள் வருவார்.

உரிமையின் மறுபக்கம் அண்டை வீட்டார். மாடித் தொட்டியின் நீர் அவர் சுவரில் இறங்குவதும், எல்லை தாண்டிய கிளை அவர் ஓட்டின் மேல் சாய்வதும் சட்டத்தில் தொல்லை எனப்படும், அதாவது ஒருவர் தம் இடத்தைப் பயன்படுத்தும் விதம் மற்றவர் தம் இடத்தை அனுபவிப்பதைக் கெடுப்பது. பாதிக்கப்பட்டவர் அதை நிறுத்தக் கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை பெற முடியும்.

தீர்வுகள்

குறைபாடு கண்டவர் முதலில் விற்றவருக்கோ வேலை செய்தவருக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, ரசீதையும் விதை உறையையும் ஒளிப்படங்களையும் பாதுகாத்து வைக்க வேண்டும். பயன் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பின்னும் தீராவிடில் இவ்வட்டாரத்தார் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இன்றியும் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையமே விசாரிக்கலாம் என்பதால், வெளிமாநில நிறுவனத்திடம் இணையவழி வாங்கிய செடிக்காகவும் செட்டியார்பட்டிக்காரர் வெளிமாநிலத்திற்கு அலைய வேண்டியதில்லை. மின்கம்பி பற்றிய புகாருக்கு மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணும், நீர்த் தேக்கம், ஆபத்தான மரம் ஆகியவற்றுக்குப் பேரூராட்சிச் செயல் அலுவலரும், இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணும் உள்ளன. அண்டை வீட்டுப் பிணக்கில் வழக்குக்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரசத்தை நாடுவது உறவையும் காக்கும், செலவையும் குறைக்கும்.

எனினும் இடிந்த தளத்தையும் இழந்த உயிரையும் எந்த ஆணையமும் மீட்டுத் தராது என்பதால், சட்டம் தொடாத அந்த இலவச யோசனையைப் பொறுப்புள்ளதாக ஆக்குவது ஆர்வலர்களின் கையிலேயே இருக்கிறது. தம் மாடியில் நன்றாகக் காய்த்த சுரைக்கொடியைப் பற்றி அடுத்தவருக்குச் சொல்பவர், அந்த மாடி எந்த ஆண்டில் கட்டப்பட்டது, எவ்வகைத் தளம், பையில் நிரப்பியது மண்ணா நார்க் கழிவா, மின்கம்பி எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவரும் விதை கேட்குமுன் அவற்றைக் கேட்க வேண்டும். ஆடிப்பட்டத்திற்கு விதை கைமாறும்போது இந்த விவரங்களும் சேர்ந்து கைமாறினால், கொல்லை கொடுத்த பாதுகாப்பின் ஒரு பகுதியையேனும் மாடிக்குக் கொண்டுவர முடியும்.