'முற்போக்கு' றொக் இசையின் பிற்காலப் போக்குகள்: வடிவமும் உற்பத்தி உறவும்

'முற்போக்கு' என்னுஞ் சொல் எமது இலக்கியச் சூழலிலே திட்டவட்டமான அரசியற் பொருள் கொண்டது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் காலந்தொட்டு, சமூக மாற்றத்தின் பக்கம் நிற்கும் எழுத்தையே நாம் அச்சொல்லாற் குறித்து வந்துள்ளோம். பிரித்தானியாவில் 1960களின் இறுதியில் உருவாகிய 'முற்போக்கு றொக்' இசையோ அச்சொல்லை வேறொரு பொருளிற் கையாண்டது. மூன்று நிமிடப் பாடலின் எல்லையைக் கடத்தல், மேனாட்டுச் செவ்வியல் இசையினதும் ஜாஸ் இசையினதும் அமைப்புகளை உள்வாங்குதல், இசைத்தட்டு முழுவதையும் ஒரே படைப்பாகக் கருதுதல் என்பனவே அங்கு முற்போக்கு எனப்பட்டன. அதாவது, முன்னேற்றம் என்பது வடிவத்தின் முன்னேற்றமாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் இவ்விசையின் செழிப்புக் காலம் முடிவுற்றபின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வடிவப் புதுமை தன்னளவில் முற்போக்கானதாகுமா என்ற பொது வினா அதனுள் அடங்கியுள்ளது.

1

கிங் கிறிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1969ஆம் ஆண்டை இச்செழிப்புக் காலத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். யெஸ் குழுவினர் 1972இல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே ஆக்கத்தால் நிரப்பினர். 1973இல் இரட்டைத்தட்டின் நான்கு பக்கங்களையும் நான்கே ஆக்கங்களால் நிரப்பினர். அதே ஆண்டில் பிங்க் ஃபுளொய்ட் உலகளாவிய விற்பனை வெற்றியைக் கண்டது.

இவ்விசையின் சமூகப் பகைப்புலம் கவனத்திற்குரியது. ஜெனசிஸ் குழு சாட்டர்ஹவுஸ் என்னும் செல்வந்தர் பாடசாலையில் முளைவிட்டது. பிங்க் ஃபுளொய்ட் இலண்டனிற் கட்டடக்கலை பயின்ற மாணவரிடையே தோன்றியது. எனினும் கலையையும் வர்க்கத்தையும் நேர்கோட்டிற் பொருத்திவிடுவது பொறிமுறைவாதமாகும். யெஸ் குழுவின் பாடகர் ஜோன் அன்டர்சன் ஆலைத் தொழிலாளர் நகரான அக்கிறிங்ரனைச் சேர்ந்தவர். எனவே ஒருவரது பிறப்பை விட, போருக்குப் பிந்திய கல்வி விரிவும் கையிற் காசுள்ள இளைஞர் சந்தையும் இணைந்து உருவாக்கிய புதிய கேட்போர் கூட்டமே இங்கு தீர்மானமான காரணி எனலாம்.

2

இவ்விசையைப் பங்க் இசை கொன்றது என்பது பரவலான விளக்கம். அது முழு உண்மையன்று. பங்க் தலையெடுப்பதற்கு முன்னரே, 1974இல், றொபேட் ஃபிறிப் கிங் கிறிம்சனைக் கலைத்துவிட்டார். 1975இல் பீற்றர் கேப்றியல் ஜெனசிசை விட்டு நீங்கினார். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், 1974இல் பிரித்தானியத் தொழிற்சாலைகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் இயங்கிய நிலையும், 1976இல் அந்நாடு சர்வதேச நாணய நிதியத்திடம் கடன்பட்டமையும், விரிந்துகொண்டே செல்லும் வளத்தை நம்பியிருந்த ஒரு கலையின் அடித்தளத்தை ஆட்டங்காணச் செய்தன. 1977இல் எமர்சன், லேக் அன்ட் பாமர் குழுவினர் பெரும் வாத்தியக்குழுவொன்றுடன் வட அமெரிக்கப் பயணத்தைத் தொடங்கிச் செலவு தாங்காது அக்குழுவை இடைநடுவில் விட்டமை இந்நெருக்கடியின் குறியீடாக அமைகின்றது.

இவ்விடத்திலே வேர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாறு பல உண்மைகளைப் புலப்படுத்துகின்றது. 1973இல் மைக் ஓல்ட்ஃபீல்டின் நீண்ட வாத்திய ஆக்கத்துடன் அது தொழிலை ஆரம்பித்தது. அதே ஆண்டில் இடதுசாரிச் சார்புடைய ஹென்றி கௌ குழுவின் முதற்றட்டையும் வெளியிட்டது. 1977இல் பங்க் இசையின் தலைமைக் குழுவான செக்ஸ் பிஸ்ரல்சையும் அதுவே ஏற்றுக்கொண்டது. 1992இல் அந்நிறுவனமே ஈஎம்ஐ என்னும் பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஒன்றையொன்று பகைத்ததாகக் கருதப்படும் இரு இசைகளும் ஒரே கடையின் இரு அலுமாரிகளில் இருந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. மூலதனத்துக்கு அழகியற் பிடிவாதம் எதுவுமில்லை.

3

நெருக்கடிக்குப் பின் நான்கு போக்குகளை நாம் இனங்காணலாம்.

முதலாவது, சந்தையுடன் இணங்கிப்போதல். பழைய குழுக்களின் உறுப்பினர் ஒன்றுசேர்ந்து அமைத்த ஏசியா குழுவின் முதற்றட்டு 1982இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. யெஸ் குழுவின் குறும்பாடலொன்று 1984 ஜனவரியிலும், ஜெனசிசின் பாடலொன்று 1986இலும் அவ்விடத்தை எய்தின. இதனைத் தனிமனிதரின் துரோகமாகக் காண்பது எளிது, ஆனால் போதாது. 1981 ஓகத்து மாதத்தில் எம்ரிவி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபின் பாடலே படத்துக்கு உரிய அளவிற்குச் சுருங்க வேண்டியதாயிற்று. இருபது நிமிட ஆக்கத்துக்கு அங்கு இடமில்லை.

இரண்டாவது, வடிவத்தைப் பேணுதல். 1983இல் முதற்றட்டை வெளியிட்ட மரில்லியன் போன்ற குழுக்கள் முன்னோரின் நீண்ட அமைப்பையும் நாடகப் பாங்கையும் மீட்டெடுத்தன. ஒரு காலத்திற் பரிசோதனையாக இருந்தது இங்கு மரபாயிற்று. நேற்றைய புதுமையை இன்று திருப்பிச் சொல்வது பேணலே; முன்னேற்றமன்று.

மூன்றாவது, வடிவத்தையே மீண்டும் கேள்விக்குள்ளாக்குதல். 1981இல் ஃபிறிப் கிங் கிறிம்சனை மறுபடி அமைத்தபோது பழைய வாத்தியப் பிரமாண்டத்தைக் கைவிட்டார். இரு கிற்றார்கள் வெவ்வேறு தாள அளவுகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிச் செல்லும் புதிய அமைப்பு உருவாகியது. இந்தோனேசியக் கமெலான் இசையின் சாயலும் அதில் உண்டு. தனியொருவரின் வாத்தியத் திறமை முன்னிற்காது, கூட்டு இயக்கமே இசையாகும் தன்மை இங்கு காணப்படுகின்றது.

நான்காவது போக்கே எமது ஆய்வுக்கு முதன்மையானது.

4

ஹென்றி கௌ 1968இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிறெட் ஃபிறித், ரிம் ஹொட்ஜ்கின்சன் ஆகியோரால் தொடங்கப்பட்டது. தீர்மானங்களைக் கூட்டாக எடுத்தல் அதன் நடைமுறையாயிற்று. ஆண்களின் ஆதிக்கத்திலிருந்த இத்துறையில் லின்ட்சே கூப்பர், டக்மர் கிறவுசே, ஜோர்ஜினா போன் ஆகிய பெண்கள் அக்குழுவின் சம உறுப்பினராயினர். இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் விழாக்களிலும் அவர்கள் வாசித்தனர்.

1978 மார்ச் 12ஆந் திகதி இலண்டனில் அவர்கள் கூட்டிய நிகழ்ச்சியில் இத்தாலியின் ஸ்ரோமி சிக்ஸ், சுவீடனின் சம்லா மம்மாஸ் மன்னா, பெல்ஜியத்தின் யூனிவேர் சீரோ, பிரான்சின் எற்றோன் ஃபூ லெலுப்லான் ஆகிய நான்கு குழுக்களும் பங்குகொண்டன. 'எதிர்ப்பில் றொக்' என்னும் அமைப்பு இவ்வாறு உருப்பெற்றது. இசைத்தட்டு நிறுவனங்கள் மக்கள் கேட்பதை விரும்பாத இசை தமது இசை என அவர்கள் பறைசாற்றினர். ஆங்கிலத்தைத் தவிர்த்துத் தத்தம் மொழிகளிற் பாடிய குழுக்களும் இதில் இருந்தமை, ஆங்கிலோ-அமெரிக்க மேலாதிக்கத்துக்கு எதிரான குரலாயிற்று. அதே ஆண்டில் ஹென்றி கௌ கலைந்தது. ஆயினும் அதன் உறுப்பினரான கிறிஸ் கட்லர் தொடங்கிய றெக்கமென்டட் றெக்கோட்ஸ் என்னும் சுயாதீன வெளியீட்டு, விநியோக அமைப்பு நிலைத்து நின்றது.

வோல்ற்றர் பென்ஜமின் 1934இல் எழுப்பிய வினா இங்கு நினைவுக்கு வருகின்றது. ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கின்றது என்பதோடு நில்லாது, அவ்வுறவுகளுக்குள் அது எவ்விடத்தில் நிற்கின்றது என்று வினவவேண்டும் என்றார் அவர். முதல் மூன்று போக்குகளும் இவ்விரண்டாவது வினாவைத் தமது நோக்கமாகக் கொள்ளவில்லை. நான்காவது கொண்டது.

ஆயினும் அதன் குறைபாட்டை நாம் மறைத்தலாகாது. யாருக்காகப் பேசியதோ அந்த உழைக்கும் மக்களை இக்கடினமான இசை பரவலாக எட்டவில்லை. அமைப்பும் சில ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. அதனிலும் பாரிய முரண்பாடு, ஒரு போராட்ட அமைப்பின் பெயர் காலப்போக்கில் ஓர் இசைப்பாணியின் பெயராக மாறியமையாகும். 2007முதல் தென்பிரான்சில் அப்பெயரால் விழாக்கள் நடைபெற்றன. நல்லிசை அங்கு ஒலித்தது. ஆனால் எதிர்ப்பு என்பது ஒரு நடைக்குச் சூட்டப்பட்ட பெயராயிற்று.

மறுபுறம், வடிவத்தில் மரபுவாதிகளான மரில்லியன் குழுவுக்கு நேர்ந்ததையும் நோக்குதல் வேண்டும். 1997இல் அவர்களது அமெரிக்கப் பயணத்துக்கு இரசிகர்கள் தாமே ஏறத்தாழ 60,000 டொலர் திரட்டினர். 2001இல் வெளிவந்த தட்டுக்கு 12,000க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே பணம் செலுத்தினர். கோட்பாடு எதுவுமின்றியே, படைப்போருக்கும் கேட்போருக்கும் இடையில் நின்ற முதலீட்டாளரின் இடம் ஓரளவு ஒடுங்கியது. எனினும் கேட்போர் அங்கும் நுகர்வோராகவே இருந்தனர்; பணம் முன்னே வந்ததேயன்றி உறவு முற்றாக மாறவில்லை.

சுருங்கக் கூறின், வடிவப் புதுமை முற்போக்கின் ஒரு கூறாகலாம், அதன் உரைகல்லாகாது. உற்பத்தி முறையை மாற்றியோர் பரந்த மக்களை அடையவில்லை. மக்களை அடைந்தோர் உற்பத்தி முறையை மாற்ற முனையவில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பணி இசையில் மட்டுமன்றி இலக்கியத்திலும் எஞ்சியே உள்ளது. உள்ளடக்கம், உருவம் என்ற இரண்டையுமே நெடுங்காலம் விவாதித்து வந்த நாம், யார் அச்சிடுகின்றனர், யார் விநியோகிக்கின்றனர், யார் வாசிக்கின்றனர் என்னும் வினாக்களையும் அவற்றுக்குச் சமமாக வைத்து நோக்குதல் அவசியமாகின்றது.