குளியலறை விளக்கு எரியவில்லையா? முதலில் முக்காலியைத் தேடாதீர்கள்!

வரவேற்பறை விளக்கு எரியாவிட்டால் இன்னொரு விளக்கைப் போட்டுச் சமாளித்துவிடலாம். குளியலறையில் அது முடியாது. சன்னல் சிறியது, தரை ஈரம், கதவைச் சாத்தினால் பகலிலும் அரை இருட்டு. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அன்றிரவே ஆபத்து தொடங்கிவிடுகிறது.

வானொலியில் நேயர்களோடு பேசும்போது நான் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று உண்டு. விளக்கு போனது, அப்பா உடனே பிளாஸ்டிக் முக்காலியை ஈரத் தரையில் போட்டு ஏறிவிட்டார். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். “பல்பு மாத்துறதுக்கு ஒரு எலக்ட்ரீஷியனா?” என்பார் என் அப்பா. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பல காரணங்களை நாமே கண்டுபிடித்துவிடலாம். எந்த வரிசையில் பார்க்கிறோம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் முக்கியம்.

மற்ற விளக்குகள் எரிகின்றனவா?

முதல் ஒரு நிமிடம் எதையும் தொட வேண்டாம். சுற்றிப் பாருங்கள். வீடு முழுவதும் இருட்டா? பக்கத்து வீடுகளிலும் வெளிச்சம் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டில் இல்லை.

குளியலறையோடு சமையலறை விளக்கும் சேர்ந்து போயிருந்தால், இரண்டும் ஒரே மின்சுற்றில் இருக்கக்கூடும். அப்போது பல்பை விட்டுவிட்டு டிபி பாக்ஸைப் பாருங்கள். இங்கே பலரைக் குழப்புவது வாட்டர் ஹீட்டர். “ஹீட்டர் வேலை செய்யுதே, அப்புறம் கரண்ட் இருக்குதானே?” என்பார்கள். ஹீட்டருக்குத் தனி மின்சுற்று. விளக்குச் சுற்று சரியாக இருப்பதற்கு அது சாட்சியாகாது.

டிபி பாக்ஸ் சொல்லும் சேதி

வீவக வீடுகளில் இது பெரும்பாலும் வாசல் கதவுக்கு அருகில் இருக்கும். வரிசையாக உள்ள சிறிய சுவிட்சுகள் ஒவ்வொரு மின்சுற்றுக்கும் உரியவை. சற்றே பெரியதாக, சோதனைப் பொத்தானுடன் இருப்பது ஆர்சிசிபி. கையைத் துடைத்துக்கொண்டு, காலணி போட்டுக்கொண்டு திறங்கள்.

சிறிய சுவிட்ச் ஒன்று மட்டும் விழுந்திருந்தால், குளியலறை விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டு, விழுந்ததை ஒருமுறை மேலே தள்ளுங்கள். அது நின்றுகொண்டால் விளக்கைப் போடுங்கள். போட்டவுடன் மறுபடி விழுந்தால், கோளாறு அந்த விளக்கிலோ அதன் வயரிலோ இருக்கிறது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

ஆர்சிசிபி விழுந்திருந்தால் எல்லாச் சிறிய சுவிட்சுகளையும் அணையுங்கள். ஆர்சிசிபியை மேலே தள்ளிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது மீண்டும் விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. அதை மட்டும் அணைத்து வைத்துவிட்டால் மற்ற அறைகளுக்கு மின்சாரம் கிடைக்கும். விடியும்வரை அது போதும்.

வீடுகளில் உள்ள ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஒரு சிறிய 7 வாட் எல்இடி பல்பு இழுக்கும் அளவுதான். அந்தக் கொஞ்ச மின்சாரமும் ஈரமான உடலுக்குள் பாய்ந்தால் உயிரைப் பறிக்கக்கூடும். வீடுகள் அனைத்திலும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அது இல்லாத பழைய வீடுகளுக்கு ஈராண்டு அவகாசம் தரப்பட்டது. அதுவும் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பல்பா, விளக்கா?

டிபி பாக்ஸில் எல்லாம் சரி என்றால் அடுத்தது பல்பு. சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, டிபி பாக்ஸிலும் அந்தச் சுற்றை அணையுங்கள். தரையைத் துடைத்து உலரவிடுங்கள். ஆடாத ஏணியில் ஒருவர் ஏற, இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

புதுப் பல்பு வாங்க உடனே கடைக்கு ஓட வேண்டாம். வேறோர் அறையில் நன்றாக எரியும், அதே அடிப்பகுதி கொண்ட பல்பைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்புதான் போய்விட்டது. எரியாவிட்டால் பல்பு பொருத்தும் ஹோல்டர், சுவிட்ச், வயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் கோளாறு.

புதுப்பித்த வீடுகள் பலவற்றில் கூரையோடு ஒட்டிய வட்ட எல்இடி விளக்குகள்தாம் இருக்கின்றன. அவற்றில் தனியாகக் கழற்றப் பல்பு இருக்காது. உள்ளே இருக்கும் ‘டிரைவர்’ என்ற சிறு கருவி வெப்பத்தாலும் நீராவியாலும் நாளடைவில் கெடும். சிமிட்டுவது, மங்குவது, சுவிட்சைப் போட்டுச் சில விநாடி கழித்து எரிவது எல்லாம் அதன் முன்னறிவிப்புகள். புது விளக்கு வாங்கும்போது ஐபி44 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு உள்ளதா என்று பாருங்கள். தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது அதன் பொருள்.

இங்கே நிறுத்துங்கள்

ஹோல்டர் பழுப்பேறியிருக்கிறது, கருகிய வாடை வருகிறது, சுவிட்ச் சூடாகிறது அல்லது படபடவென்று சத்தம் போடுகிறது என்றால் நம் வேலை முடிந்தது. பல்பு மாற்றுவதுவரை நாம் செய்யலாம். வயரில் கை வைப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. அவருடைய உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். வந்து பார்ப்பதற்கு எவ்வளவு, பழுதுபார்க்க எவ்வளவு என்பதை வரச்சொல்லும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விளக்கு மூடிக்குள் நீர் தேங்கியிருந்தால் அது இன்னும் தீவிரம். மேல்மாடிக் குளியலறையிலிருந்து கசிவு இருக்கலாம். சுற்றை அணைத்து வைத்துவிட்டு வீவகவிடம் தெரிவியுங்கள். கூரைக் கசிவைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இரண்டின் கூட்டுப் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கிறது. மீதியை இரு வீட்டாரும் ஆளுக்கு 25 விழுக்காடாகப் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாமல் பேசப் போங்கள்.

பழுது சரியாகும்வரை, பேட்டரியில் இயங்கி, ஆள் வந்ததும் தானாக எரியும் சிறு விளக்கைக் குளியலறை வாசலில் வையுங்கள். நீட்டிப்பு வயரை ஈரத் தரைக்கு இழுத்துச் செல்லவே கூடாது.

இந்த வார இறுதிக்கு ஒரு வேலை தருகிறேன். தனியாக வசிக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால் டிபி பாக்ஸில் எந்தச் சுவிட்ச் எதற்கு என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிறகு, “ஒரு நிமிஷம் கரண்ட் போகும்” என்று சொல்லிவிட்டு ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழுந்தால் நல்லது. மாதம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். விழவில்லையென்றால் எல்லா விளக்கும் நன்றாக எரிந்தாலும் தாமதிக்காமல் மின்பணியாளரை அழையுங்கள்.