முட்டை மனிதனின் ஆறு துடுப்புகள்

மழலையர் வகுப்பில் ஆங்கிலப் பாட்டுக் கற்ற எவருக்கும் ஹம்ப்டி டம்ப்டியைத் தெரியும்; மதில்மீதிருந்து விழுந்து நொறுங்கி, ஒட்டவைக்க இயலாமற்போன முட்டை மனிதன். 1947இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் தனது பின்பால் இயந்திரம் ஒன்றுக்கு அவன் பெயரைச் சூட்டியது. விளையாட்டு எங்கே முடிகிறது, சூதாட்டம் எங்கே தொடங்குகிறது என்ற விவாதம் எழும்போதெல்லாம் எனக்கு இந்த இயந்திரமே நினைவுக்கு வருகிறது.

பின்பாலின் அடிப்படை எளிது. கண்ணாடி மூடிய சரிவுப் பலகை; அதில் ஓர் எஃகுக் குண்டு. வில்விசைத் தண்டை இழுத்துவிட்டால் குண்டு மேலேறி, தடைகளில் மோதி, கீழே உருண்டு மறையும். தண்டை அளவறிந்து இழுப்பதும், பெட்டியை இலேசாக உலுக்குவதும் தவிர ஆடுபவருக்கு வேறு வேலையில்லை. சில இடங்களில் வென்றவருக்குக் காசும் பரிசும் கிடைத்தன. பள்ளிச் சிறுவர்களின் காசைப் பறிக்கிறது என்று குற்றஞ்சாட்டிய நியூயார்க் மேயர் லகார்டியா, 1942இல் பின்பாலைத் தடைசெய்தார். பறிமுதலான இயந்திரங்களைச் சம்மட்டியால் தாமே உடைத்தும் காட்டினார். அன்றைய இயந்திரத்தை வைத்துப் பார்த்தால், அவர் முடிவைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாண்டுகளில் இயந்திரம் மாறியது. ஹாரி மாப்ஸ் என்ற வடிவமைப்பாளர் ஹம்ப்டி டம்ப்டியின் பலகையில், பக்கத்துக்கு மூன்றாக, ஃபிளிப்பர் எனப்படும் ஆறு சிறு துடுப்புகளைப் பொருத்தினார். கணினிச் சில்லு பிறவாத காலம் அது. பொத்தானை அழுத்தினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும். சுருள் காந்தமாகி இரும்புத் தண்டை உள்ளிழுக்கும். அதனோடு பிணைந்த துடுப்பு வீசி எழுந்து குண்டைத் தட்டும். விழப்போகும் குண்டை மேலே அனுப்பும் வாய்ப்பு ஆடுபவரின் விரலுக்கு வந்தது. மறு ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், இரண்டே துடுப்புகளைப் பலகையின் அடியில் வைத்து, இன்றுவரை நிலைத்த அமைப்பைத் தந்தார். காட்லீப்போ சிண்ட்ரெல்லா, ராபின் ஹூட், அலிபாபா என்று கதைப் பெயர்களையே தொடர்ந்தது. சூதாட்டப் பழி சுமந்த பெட்டிக்கு மழலைக் கதை நல்ல வேடம் என்பது என் ஊகம்.

இயந்திரம் மாறியதை நியூயார்க் கண்டுகொள்ள 29 ஆண்டுகள் பிடித்தன. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், பின்பால் திறமையின் ஆட்டமே என்று மெய்ப்பிக்க நகர மன்றக் குழுவின்முன் ஆடினார். உறுப்பினர் ஒருவர் அசையவில்லை. உடனே ஷார்ப், குண்டு எந்தப் பாதை வழியே இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தண்டை இழுத்துவிட்டார். சொன்னபடியே இறங்கியது. தடை நீங்கியது.

அந்த அடியில் ஃபிளிப்பருக்குப் பங்கே இல்லை. 1942இலும் இருந்த அதே வில்தண்டால் அடித்தது அது. பெரிதும் அதிர்ஷ்டத்தால் அமைந்தது என்று ஷார்ப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.