தண்ணீரே தெரு, படகே வண்டி!

தபால் மூட்டை படகில் வருகிறது. காய்கறி படகில் வருகிறது. குப்பை படகில் போகிறது. வீடு தீப்பற்றினால் அணைக்க வருவதும் படகுதான். பிரசவ வேதனையில் துடிப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் படகுதான். ஆயுள் முடிந்தால், மயானத்துக்குப் போகும் கடைசிப் பிரயாணமும் படகில்தான்!

இது கதையில் வரும் ஊர் அல்ல. இத்தாலி தேசத்தின் வடகிழக்குக் கோடியில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் வெனிஸ் நகரம். 118 சிறு தீவுகள், 400க்கு மேற்பட்ட பாலங்கள், எண்ணினால் தலை சுற்றும் கால்வாய்கள். மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் ஊருக்குள் இடமில்லை. நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் ஏற வேண்டும்.

இந்த அதிசயத்தை ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். அவர்களில் உல்லாசக் கப்பலில் வருகிறவர்கள் ஏராளம். காலையில் கப்பல் துறை பிடிக்கும், மாலையில் புறப்பட்டுவிடும். இடையில் உள்ள சில மணி நேரமே வெனிஸ்!

கப்பலிலிருந்து கரைக்கு

முன்பெல்லாம் ராட்சதக் கப்பல்கள் நகரத்தின் நெஞ்சுக்கு நேரே, ஜூடெக்கா கால்வாய் வழியாகவே போய்வந்தன. மேல் தட்டில் நிற்கும் பிரயாணி கோயில் கோபுரங்களையும் வீட்டுக் கூரைகளையும் குனிந்து பார்ப்பார். 2019ஆம் வருஷம் ஜூன் 2ந் தேதி ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து, கரையிலும் அங்கே கட்டியிருந்த ஒரு சிறு பிரயாணிக் கப்பலிலும் மோதியது. சிலர் காயமடைந்தார்கள். "எங்கள் ஊரை விட்டு விலகுங்கள்" என்று நெடுநாளாகக் கூச்சலிட்டு வந்த நகரவாசிகளின் குரல் வலுத்தது. 2021ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த வழியே போகக் கூடாது என்று இத்தாலிய சர்க்கார் தடை விதித்துவிட்டது.

ஆகவே, பெரிய கப்பல்கள் இப்போது எதிர்க்கரையிலுள்ள மார்கெராவிலோ, தள்ளியுள்ள ட்ரியெஸ்ட், ராவென்னா துறைகளிலோ நிற்கின்றன. "வெனிஸ்" என்று சீட்டில் அச்சடித்திருந்தாலும், ராவென்னாவில் இறங்குகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போனால்தான் வெனிஸைக் காணலாம். சீட்டு வாங்கும்போதே துறையின் பெயரை விசாரித்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

கூட்டத்தோடு கூட்டமாகப் போக விரும்பாதவர்கள் சொந்தமாகவே ஒரு வழிகாட்டியையும் மோட்டார்ப் படகையும் அமர்த்திக் கொள்கிறார்கள். நினைத்த இடத்தில் நிற்கலாம். பிடிக்காத இடத்தைத் தாண்டலாம். ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கப்பல் கம்பெனி ஏற்பாடு செய்த கோஷ்டி தாமதமானால் கப்பல் வழக்கமாகக் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனவர் தாமதமானால் கடற்கரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான்!

முளைகள் மேல் ஒரு மாநகரம்

சேற்றுத் திட்டுகளில் போய் யாராவது ஊர் கட்டுவார்களா? உயிர்ப் பயம் கட்ட வைத்தது. ரோமப் பேரரசு சரிந்த காலத்தில் ஹூணர்களும், பின்னர் லம்பார்டியரும் வடக்கிலிருந்து படையெடுத்து வந்தார்கள். கரையிலிருந்த ஜனங்கள் உப்பங்கழிக்குள் ஓடி ஒளிந்தார்கள். குதிரை மேல் வந்த எதிரிக்கு ஆழம் தெரியாத அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தாண்டத் தெரியவில்லை. கோட்டைச் சுவர் இல்லாமலே ஊர் பிழைத்தது. தண்ணீரே கோட்டை!

கல் கட்டடத்தைச் சேறு தாங்குமா? ஓக் முதலிய மரங்களை வெட்டி வந்து, கூர் சீவி, நெருக்க நெருக்கமாகச் சேற்றுக்குள் முளைகளாக அடித்தார்கள். அதன் மேல் பலகை. பலகையின் மேல் உப்புநீர் ஏறாத இஸ்திரியா நாட்டு வெள்ளைக் கல். அதற்கும் மேலேதான் செங்கல் சுவர். காற்றுப் படாத சேற்றில் புதைந்த மரம் எளிதில் உளுத்துப் போவதில்லை. நூற்றுக் கணக்கான வருஷங்களாக அது மாளிகைகளைத் தாங்கி நிற்கிறது.

பெரிய கால்வாயின் முகப்பில் நிற்கும் சாந்தா மரியா டெல்லா சலூத்தே என்ற கோயிலுக்கு மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் முளைகள் அடித்ததாகச் சொல்கிறார்கள். 1630ஆம் வருஷம் கொள்ளை நோய் வந்து நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்களை வாரிக் கொண்டு போயிற்று. நோய் நீங்கினால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்ட வேண்டுதலே இது. இன்றும் நவம்பர் 21ந் தேதி ஊரார் தற்காலிகப் பாலம் அமைத்து, அதன் மேல் நடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

ராஜபாட்டை

நமது ஊர்களில் ராஜவீதி இருப்பது போல, வெனிஸுக்குப் பெரிய கால்வாய். சுமார் 4 கிலோ மீட்டர் நீளம். பாம்பு போல் வளைந்து ஊரை இரண்டாகப் பிளக்கிறது. இருமருங்கிலும் மாளிகைகள் தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்கின்றன. வாசல் கால்வாய்ப் பக்கம்தான். அந்த நாளில் கீழ்த் தளம் வியாபாரியின் கிடங்கு. மேல் தளம் வீடு. சரக்குப் படகு நேரே வாசலில் வந்து இறக்கிவிட்டுப் போகும்.

கால்வாயைக் கடக்க நான்கே பாலங்கள். அவற்றில் மூத்தது ரியால்ட்டோ. 1588இல் தொடங்கி 1591இல் முடித்த ஒற்றை வளைவுக் கல் பாலம். மேலே இரு வரிசைக் கடைகள். பக்கத்தில் மீன் சந்தை. காலையில் போனால் ஊராரின் பேரத்தைக் கேட்கலாம். ஞாயிறும் திங்களும் மீன் சந்தைக்கு விடுமுறை.

மோட்டார்ப் படகில் போகிறவருக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. "வேகமாகப் போ" என்றால் படகுக்காரர் மறுப்பார். படகு கிளப்பும் அலை ஓயாமல் மோதி அஸ்திவாரத்தை அரிப்பதால், வேகத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

கோணல் படகு

வெனிஸ் என்றதும் நினைவுக்கு வரும் கொண்டோலாவைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சுமார் 11 மீட்டர் நீளம். எட்டு வகை மரத்தில் 280 துண்டுகளைச் சேர்த்துச் செய்த படகு. அது கோணல்! இடப் பக்கம் வலப் பக்கத்தைவிட 24 சென்டிமீட்டர் அகலம் அதிகம். படகோட்டி பின்னால் நின்றுகொண்டு, வலப் புறத்தில் ஒரே துடுப்பைப் போடுகிறார். நேரான படகாக இருந்தால் ஒரே பக்கம் சுற்றும். கோணலாக இருப்பதால்தான் நேராகப் போகிறது!

ஒரு காலத்தில் செல்வர்கள் போட்டி போட்டுக் கொண்டு தங்கள் படகுகளுக்குப் பொன்னும் பட்டும் பூட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அந்த ஆடம்பரத்துக்கு அரசு தடை விதித்தது. எல்லாப் படகும் கறுப்பாயிற்று. படகோட்டும் தொழில் தலைமுறை தலைமுறையாக ஆண்களிடமே இருந்தது. 2010இல்தான் முதன் முறையாக ஒரு பெண் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றார்.

அரை மணி நேரச் சவாரிக்கு 2023 நவம்பரில் நகரசபை நிர்ணயித்த பகல் கட்டணம் 90 யூரோ. அவ்வளவு கொடுக்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது. பாலமில்லாத இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஜனங்களை ஏற்றிச் செல்லும் பெரிய கொண்டோலா உண்டு. சில காசுகளில் ஆசை தீர்ந்துவிடும்.

மிளகும் முத்தும்

இந்தச் செல்வமெல்லாம் எங்கிருந்து வந்தது? கீழ்த்திசை வியாபாரத்திலிருந்துதான். இந்திய மிளகு அரபு வியாபாரிகள் கை மாறி அலெக்சாண்டிரியாவுக்கு வரும். அங்கிருந்து வெனிஸ் கப்பல்கள் ஏற்றி வந்து ஐரோப்பாவெங்கும் விற்கும்.

தமிழருக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைப் பற்றியும், முத்துக் குளிப்பைப் பற்றியும், காயல் துறைமுகத்தைப் பற்றியும் தம் நூலில் வருணித்த மார்க்கோ போலோ, வெனிஸ் வாசிதான். அவர் குடும்ப வீடு இருந்த முற்றம் ரியால்ட்டோவுக்கு அருகில் ஒரு சந்துக்குள் இருக்கிறது.

1498இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கள்ளிக்கோட்டைக்கு வந்து இறங்கினார். புது வழி திறந்தது. வெனிஸின் தனி ஆதிக்கத்துக்கு அன்றே அடி விழுந்தது. ஆனாலும் வியாபாரிகள் ஆண்ட அந்தக் குடியரசு 1797இல் நெப்போலியன் வரும்வரை தாக்குப் பிடித்தது.

குதிரைகளும் பன்றி இறைச்சியும்

செயிண்ட் மார்க் சதுக்கத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 828இல் அலெக்சாண்டிரியாவிலிருந்து புனித மாற்குவின் உடலை வெனிஸ் வியாபாரிகள் ரகசியமாகக் கொண்டு வந்தார்களாம். சுங்கச் சாவடிக்காரர்கள் தொடாமல் இருக்க மேலே பன்றி இறைச்சியை அடுக்கினார்கள் என்பது கதை. அந்த உடலுக்காக எழுந்ததே இங்குள்ள பொன் வேய்ந்த கோயில். முகப்பில் நான்கு வெண்கலக் குதிரைகள். 1204இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலிருந்து கொள்ளையடித்து வந்தவை அவை. நெப்போலியன் அவற்றைப் பாரிஸுக்குக் கொண்டு போக, 1815இல் திரும்பி வந்தன. அசல் குதிரைகள் கோயிலுக்குள் இருக்கின்றன. வெளியே நிற்பவை நகல்.

சதுக்கத்து மணிக்கூண்டு 1902 ஜூலை 14ந் தேதி அப்படியே இடிந்து விழுந்தது. மனிதர் ஒருவரும் சாகவில்லை. "இருந்த இடத்தில், இருந்தபடியே" என்று சபதம் செய்து 1912இல் மறுபடி கட்டி முடித்தார்கள்.

சந்துகளுக்குள் ஒவ்வொரு முற்றத்திலும் கல் கிணறு ஒன்று தென்படும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு வாய் இல்லாத ஊர் அல்லவா? முற்றத்தில் பெய்யும் மழையைப் பூமிக்கடியில் மணலில் வடிகட்டித் தேக்கிய தொட்டிகள் இவை. 1884இல் கரையிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரைக் காப்பாற்றியவை இவைதான்.

கடலுக்குக் கதவு

காத்த கடலே இன்று கழுத்தை நெரிக்கிறது. 1966ஆம் வருஷம் நவம்பர் 4ந் தேதி கடல் 194 சென்டிமீட்டர் உயர்ந்து ஊரை மூழ்கடித்தது. 2019 நவம்பர் 12ந் தேதி 187 சென்டிமீட்டர்! கடல் மட்டம் உயர்வது ஒரு காரணம். மார்கெரா தொழிற்சாலைகளுக்காகப் பல வருஷங்கள் நிலத்தடி நீரை இறைத்ததால் தரையும் தாழ்ந்தது.

வெள்ளத்தைத் தடுக்க உப்பங்கழியின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் அமைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் தண்ணீர் நிரம்பி அடியில் படுத்திருக்கும். கடல் பொங்கும் என்று தெரிந்தால் உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். தண்ணீர் வெளியேற, கதவு மிதந்து எழுந்து கடலை மறிக்கும். 2003இல் தொடங்கிய வேலை, லஞ்ச ஊழல், கைது எல்லாவற்றையும் கடந்து, 2020 அக்டோபர் 3ந் தேதி முதன் முறையாக நிஜக் கடலேற்றத்தைத் தடுத்தது. அன்று சதுக்கத்தில் கால் நனையவில்லை!

ஆனால் கதவை அடிக்கடி மூடினால் உப்பங்கழி மூச்சுத் திணறும். அலை வந்து போனால்தான் கால்வாய் சுத்தமாகும். கடல் மட்டம் உயர உயர இந்தச் சங்கடமும் வளரும்.

ஊர் உண்டு, ஊரார்?

வெள்ளத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 1951இல் இந்தத் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அந்த ஜனத்தொகை 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. ரியால்ட்டோவுக்கு அருகில் ஒரு மருந்துக் கடைக்காரர், எத்தனை பேர் மிச்சம் என்று காட்டும் எண் பலகையை 2008இல் ஜன்னலில் வைத்தார். காய்ச்சல்காரனின் வெப்பமானியைப் பார்ப்பது போல ஊரார் அதைப் பார்த்தார்கள்.

வெள்ளம் மட்டும் அவர்களை விரட்டவில்லை. வீட்டைப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வருமானம் அதிகம். குடித்தனக்காரருக்கு வீடு கிடைப்பதில்லை. பேக்கரி மூடுகிறது, முகமூடிக் கடை திறக்கிறது. 2023இல் பிரயாணிகளுக்கான படுக்கைகள் குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டன என்று கணக்கெடுத்த உள்ளூர்ச் சங்கத்தார் அறிவித்தார்கள்.

நகரசபை சும்மா இருக்கவில்லை. 2024 ஏப்ரல் 25ந் தேதி முதல், கூட்டம் நெரியும் நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கோஷ்டிகளில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது என்றும் உத்தரவிட்டது. "எங்கள் ஊர் என்ன மிருகக்காட்சிசாலையா, சீட்டுக் கொடுத்துக் காட்ட?" என்று கேட்பவர்களும் உண்டு. அதே பிரயாணிகளை நம்பிப் பிழைப்பவர்களும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். வருகிறவனைத் தடுத்தால் வயிறு காயும். வரவிட்டால் வீடு போகும்!

ஒரு நாள் பிரயாணி என்ன செய்ய முடியும்? கொஞ்சம் செய்யலாம். சதுக்கத்தைப் பார்த்த பின், கூட்டமில்லாத சந்து வழியே நடக்கலாம். எங்கோ செய்த கண்ணாடிப் பொம்மைக்குப் பதிலாக, 1291 முதல் உலைகள் எரியும் முரானோ தீவில் தொழிலாளி ஊதிச் செய்த ஒரு சிறு கிண்ணத்தை வாங்கலாம். சாப்பாட்டைக் கப்பலுக்குத் திரும்பித்தான் என்று தள்ளிப் போடாமல், ஊர்க்காரர் நடத்தும் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். முடிந்தால், அடுத்த முறை கப்பலில் அல்லாமல் ரயிலில் வந்து இரண்டு இரவு தங்கலாம்.

ஒரு காலத்தில் வெனிஸ் குடியரசு பெரிய நதிகளையே வேறு பக்கம் திருப்பிவிட்டது. வண்டல் சேர்ந்து உப்பங்கழி தூர்ந்தால் ஊரின் காவல் போய்விடுமே என்ற பயம்! நதியைத் திருப்பியவர்களின் சந்ததியார் இப்போது மனித வெள்ளத்தை எப்படித் திருப்புவது என்று யோசிக்கிறார்கள். மாளிகைகளைத் தாங்க மர முளைகள் இருக்கின்றன. ஊரைத் தாங்க ஊரார் வேண்டுமே!